மெடிகெயார் அட்டை இல்லாதவருக்கு யார் வைத்தியம் பார்ப்பது?

அவுஸ்திரேலியாவில் வைத்தியம் இலவசம் என்று ஊரில் உள்ள உறவினர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வதுண்டு. நிரந்தர வதிவிடமோ குடியுரிமையோ உள்ள குடும்பங்களுக்கு அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அதே கோயில் மண்டபத்தில், அதே பந்தியில் எம் பக்கத்தில் அமர்ந்து சாப்பிடும் ஒருவருக்கு அது உண்மையாக இல்லாமல் இருக்கலாம். அவருடைய பிரிட்ஜிங் விசா காலாவதியாகியிருக்கும். அதனோடு மெடிகெயார் அட்டையும் காலாவதியாகியிருக்கும். நீரிழிவுக் குளிசை முடிந்து மூன்று மாதமாகியும் வைத்தியரிடம் போகாமல் இருப்பார். "போனால் எவ்வளவு கேட்பார்களோ, விசாவைப் பற்றிக் கேட்பார்களோ" என்ற பயம்தான் காரணம். இதை அவர் எவரிடமும் சொல்லவும் மாட்டார்.

இப்படிப்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் இடங்கள் சிட்னியிலும் மெல்பேர்னிலும் உள்ளன. அவற்றில் பல இலாப நோக்கற்ற அமைப்புகள். அவை எப்படி உருவாகின, எப்படி இயங்குகின்றன, பணம் எங்கிருந்து வருகிறது, எந்த இடத்தில் அவற்றின் பலம் முடிகிறது என்பதை எம் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது. அறியாமல் இருப்பதால் மட்டும் ஒருவருடைய சிறுநீரகமோ பார்வையோ பறிபோகக்கூடாது.

அட்டை எப்படி இல்லாமல் போகிறது?

இந்த நாட்டின் பொது மருத்துவக் காப்புறுதி 1975 ஜூலை 1 அன்று மெடிபாங்க் என்ற பெயரில் தொடங்கியது. பின்வந்த அரசு அதைப் படிப்படியாகக் கலைத்தது. 1984 பெப்ரவரி 1 அன்று மெடிகெயார் என்ற பெயரில் அது மீண்டும் வந்தது. அன்றிலிருந்து இதற்குத் தகுதியை முடிவு செய்வது நோயல்ல, விசா.

பாதுகாப்பு விசாவுக்கு விண்ணப்பித்து, வேலை செய்யும் அனுமதியுள்ள பிரிட்ஜிங் விசாவில் இருப்பவர் பொதுவாக மெடிகெயாருக்குத் தகுதி பெறுவார். அவருக்குக் கிடைப்பது நீல நிறத் தற்காலிக அட்டை. அதற்கு முடிவுத் திகதி உண்டு. விசா புதுப்பிக்கப்படத் தாமதமானாலோ, புதிய விசாவில் வேலை அனுமதி இல்லாமல் போனாலோ, அட்டையும் நின்றுவிடும்.

எம்மவரில் கடல் வழியாக 2012 ஓகஸ்ட் 13க்கும் 2014 சனவரி 1க்கும் இடையில் வந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். விரைவு நடைமுறை என்று சொல்லப்பட்ட முறையில் விசாரிக்கப்பட்ட ஏறத்தாழ 30 ஆயிரம் பேரில் பல நாட்டவரோடு ஈழத்தமிழரும் இருந்தனர். 2023 பெப்ரவரியில் அரசு, தற்காலிகப் பாதுகாப்பு விசாக்களில் இருந்த சுமார் 19 ஆயிரம் பேருக்கு நிரந்தர விசாவுக்கான வழியைத் திறந்தது. அந்த முறையில் நிராகரிக்கப்பட்டவர்கள் அதற்குள் வரவில்லை. அவர்களில் பலர் பத்து ஆண்டுகளுக்கு மேலாக இங்கே வேலை செய்கிறார்கள், வரி கட்டுகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். விசாவின் முடிவுத் திகதி நெருங்கும்போதெல்லாம் வைத்தியமும் கைவிட்டுப் போகுமோ என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தஞ்சம் கோருவோருக்கு இருந்த சிறு உதவித்தொகையிலிருந்தும் 2018 முதல் பலர் நீக்கப்பட்டார்கள்.

அட்டை இல்லாவிட்டால் குடும்ப வைத்தியரின் முழுக் கட்டணத்தையும் கையிலிருந்து கொடுக்க வேண்டும். மருந்துக்கும் அப்படித்தான். 2026 சனவரி முதல், அரசின் மானியப் பட்டியலில் உள்ள ஒரு மருந்துக்கு அட்டை உள்ளவர் கொடுப்பது அதிகபட்சம் 25 டொலர். சலுகை அட்டை உள்ளவருக்கு 7 டொலர் 70 சதம். அட்டை இல்லாதவருக்கு இந்த உச்சவரம்பு எதுவும் கிடையாது. கொள்கை விலக்கு எதுவும் பொருந்தாத ஒருவர் மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் ஒரு நாளுக்கே ஆயிரக்கணக்கான டொலர் கணக்கு வரலாம்.

இலாப நோக்கற்றது என்றால் என்ன?

இந்தச் சொல்லைக் கேட்டதும் பலர் "தருமத்துக்கு நடத்துவது" என்று நினைத்துக்கொள்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் பொருள் வேறு. ஓர் இலாப நோக்கற்ற அமைப்பு கட்டணம் வாங்கலாம், ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கலாம், ஆண்டு முடிவில் மிச்சமும் வைத்திருக்கலாம். அந்த மிச்சத்தை முதலாளிக்கோ பங்குதாரருக்கோ பிரித்துக் கொடுக்க முடியாது. அமைப்பின் நோக்கத்துக்கே அது திரும்பிப் போக வேண்டும். 2012 டிசம்பரில் தொடங்கிய அறக்கட்டளைகள் ஆணையத்தின் பதிவேட்டில் பதிவுசெய்யப்பட்ட அறக்கொடை அமைப்புகளின் விபரங்களை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். நன்கொடை கேட்டு வருபவர் உண்மையான அமைப்பா என்று சரிபார்க்கவும் அதுவே வழி.

மருத்துவத்தில் இந்த அமைப்புகள் பல வடிவங்களில் உள்ளன. சிட்னியின் சென் வின்சென்ட் மருத்துவமனை 1857 இல் அயர்லாந்திலிருந்து வந்த கன்னியர் சபையால் தொடங்கப்பட்டது. இன்று அது அரசின் பணத்தில் இயங்கும் பொது மருத்துவமனை, ஆனால் நடத்துவது அரசல்ல. எயிட்ஸ் என்ற பெயரைக் கேட்டாலே மக்கள் விலகி ஓடிய 1984 இல், நாட்டின் முதலாவது எயிட்ஸ் சிகிச்சைப் பிரிவு அங்கேதான் திறக்கப்பட்டது. விக்ரோறியா மாநிலத்தில் சுயாதீனமான சமூக நல நிலையங்கள் உள்ளன. அங்கே வைத்தியர், பல் வைத்தியர், தாதி, ஆலோசகர் என்று எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். இவற்றோடு பூர்வகுடி மக்களின் மருத்துவச் சேவைகள், தஞ்சம் கோருவோருக்கான நிலையங்கள், சித்திரவதையிலிருந்தும் போரிலிருந்தும் மீண்டவர்களுக்கான நிலையங்கள் ஆகியனவும் உண்டு.

முதல் வழியைக் காட்டியவர்கள்

எம்மைப் போன்றவர்களுக்கு இன்று உதவும் நிலையங்களின் முன்னோடி, இந்த மண்ணின் பூர்வகுடி மக்கள் தொடங்கியது. 1971 இல் சிட்னியின் ரெட்ஃபேர்ன் பகுதியில், ரீஜென்ட் வீதியில் ஒரு கடையறையில் பூர்வகுடி மருத்துவச் சேவை திறக்கப்பட்டது. அப்போது பொதுக் காப்புறுதி கிடையாது. பூர்வகுடி மக்கள் மருத்துவமனைகளில் அவமதிக்கப்பட்டார்கள். அதனால் நோய் முற்றும்வரை போகாமலே இருந்தார்கள். "மம் ஷேர்ல்" என்று அழைக்கப்பட்ட ஷேர்லி ஸ்மித், கோர்டன் பிறிஸ்கோ போன்ற பூர்வகுடித் தலைவர்களும், கண் வைத்தியர் ஃபிரெட் ஹொலோஸ் போன்றவர்களும் அதைத் தொடங்கியவர்களில் இருந்தனர். வைத்தியர்கள் தொடக்கத்தில் சம்பளமின்றி வந்து நோயாளரைப் பார்த்தார்கள். 1973 இல் மெல்பேர்னின் ஃபிட்ஸ்ரோயில் அதே வகையான சேவை ஒன்று ஆரம்பமானது. இன்று நாடு முழுவதும் 140க்கும் மேற்பட்ட பூர்வகுடி மருத்துவ அமைப்புகள் உள்ளன.

அவர்கள் செய்ததில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த நிலையங்களின் நிர்வாகக் குழுவை அந்தச் சமூகமே தெரிவு செய்கிறது. எந்த நேரத்தில் திறப்பது, யாரை வேலைக்கு எடுப்பது, வாசலில் வருபவரை யார் எப்படி வரவேற்பது என்பதை நோயாளியின் சமூகமே தீர்மானிக்கிறது. வாசலில் தன்னைப் போன்ற ஒருவரைக் காணும் நோயாளி மீண்டும் வருவார். மீண்டும் வந்தால்தான் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைக்க முடியும். இவை ஒரு நாளில் குணமாகும் நோய்கள் அல்ல.

எமக்கும் இது புதிதல்ல. மானிப்பாயில் உள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை, 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மதம் பரப்பும் நோக்கமும் அவருக்கு இருந்தது. ஆனால் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்று உறுதியாக நின்று, இரண வைத்தியம் முதலான நூல்களைத் தமிழில் கொண்டுவந்தவரும் அவர்தான். மூளாயில் 1930களில் எழுந்த கூட்டுறவு வைத்தியசாலையோ ஊர் மக்களின் சொந்த முயற்சி. வெளியார் தரும் வரை காத்திராமல் உறுப்பினராகச் சேர்ந்து, பங்கு போட்டு, தமக்கென ஒரு வைத்தியசாலையை உருவாக்கினார்கள். மூளாயில் நடந்ததும் ரெட்ஃபேர்னில் நடந்ததும் அடிப்படையில் ஒரே காரியம்.

மெல்பேர்னில்

2001 இல் கொன் கரபனாகியோடிடிஸ் என்பவர் தன் மாணவர்களோடு ஃபுட்ஸ்கிரேயில் ஒரு சிறிய இடத்தில் தஞ்சம் கோருவோர் வள நிலையத்தைத் தொடங்கினார். உணவுப் பொருட்கள் கொடுப்பதில் தொடங்கிய அந்த நிலையம், பின்னர் சட்ட உதவி, வேலை தேட உதவி, மருத்துவம் என்று விரிந்தது. மெடிகெயார் இல்லாதவர்களைப் பார்ப்பதற்கென்றே அங்கு ஒரு மருத்துவ நிலையம் உண்டு. தாதியரும் வைத்தியரும் இருக்கிறார்கள், பலர் தொண்டர்கள். கூட்டாட்சி அரசின் நிதியில் தங்கியிராமல், மக்களின் நன்கொடையில் இயங்குவது இந்த நிலையத்தின் கொள்கை. அரசின் அகதிக் கொள்கையை வெளிப்படையாக விமர்சிக்கும் சுதந்திரம் அதனால் கிடைக்கிறது. நன்கொடை குறையும் ஆண்டில் சேவையைக் குறைக்க வேண்டி வரும் ஆபத்தும் அதனாலேயே வருகிறது.

கப்ரினி என்ற தனியார் மருத்துவமனை வேறொரு வழியைக் காட்டியது. மல்வேர்னில் உள்ள அது கத்தோலிக்க கன்னியர் சபையின் இலாப நோக்கற்ற மருத்துவமனை. காப்புறுதி உள்ள நோயாளரிடமிருந்து வருமானம் பெறும் இந்த நிறுவனம், 2016 இல் பிரன்ஸ்விக் பகுதியில் தஞ்சம் கோருவோருக்கும் அகதிகளுக்கும் இலவச மருத்துவ நிலையம் ஒன்றைத் தொடங்கியது. வசதியுள்ளவர் கட்டும் பணத்தில் ஒரு பகுதி வசதியில்லாதவருக்குப் போகும் ஏற்பாடு இது.

இந்த நிலையங்களில் அறுவைச் சிகிச்சையோ பிரசவமோ பார்க்க முடியாது. அதற்குப் பொது மருத்துவமனை வேண்டும். விக்ரோறிய மாநிலக் கொள்கைப்படி, மெடிகெயார் இல்லாத தஞ்சம் கோருவோருக்குப் பொது மருத்துவமனைகள் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்க வேண்டும். அம்புலன்ஸ் கட்டணமும் அவர்களிடம் அறவிடப்படுவதில்லை. சமூக நல நிலையங்களிலும் பொதுப் பற்சிகிச்சையிலும் அகதிகளுக்கும் தஞ்சம் கோருவோருக்கும் முன்னுரிமை உண்டு. எம்மவர் செறிந்து வாழும் டண்டினோங்கில் மொனாஷ் ஹெல்த் அகதிகளுக்கென ஒரு தனிச் சேவையை நடத்துகிறது.

சிட்னியில்

சிட்னியில் தஞ்சம் கோருவோர் நிலையம் 1993 முதல் இயங்குகிறது. அங்குள்ள மருத்துவப் பிரிவைத் தாதியர் முன்னின்று நடத்துகிறார்கள். தாதி முதலில் முழு வரலாற்றையும் கேட்டு எழுதுவார். தொண்டாக வரும் வைத்தியர் பார்ப்பார். சிறப்பு வைத்தியர் தேவைப்பட்டால், கட்டணமின்றிப் பார்க்கச் சம்மதிப்பவரைத் தேடி அனுப்புவார்கள்.

மாநில அரசின் அகதிகள் நலச் சேவை தென்மேற்கு சிட்னியைத் தளமாகக் கொண்டது. புதிதாக வந்த குடும்பங்களை முழுமையாகப் பரிசோதித்து, அருகிலுள்ள வைத்தியரோடு இணைத்துவிடுவது அதன் முக்கிய வேலை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் கொள்கையின்படியும் மெடிகெயார் இல்லாத தஞ்சம் கோருவோருக்கு அவசர சிகிச்சை, மகப்பேறு, மனநலம் உட்படக் குறிப்பிட்ட மருத்துவமனைச் சேவைகளின் கட்டணம் தள்ளுபடி செய்யப்பட வேண்டும்.

கொள்கை இருப்பது வேறு, வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு அது தெரிந்திருப்பது வேறு. தஞ்சம் கோருவோரையும் சுற்றுலா வந்தவரையும் ஒரே பட்டியலில் போட்டு, பெரிய தொகைக்குக் கணக்கு அனுப்பிவிடும் தவறு நடக்கக்கூடியதே. அப்படிக் கணக்கு வந்தால் பயந்து ஒளிக்க வேண்டியதில்லை. மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கடிதத்தைக் காட்டி, "நான் பாதுகாப்பு விசாவுக்கு விண்ணப்பித்தவர், மாநிலக் கொள்கைப்படி இந்தக் கணக்கை மீளப் பாருங்கள்" என்று கேட்கலாம். மேலே சொன்ன நிலையங்கள் நோயாளிக்காக இந்தக் கடிதங்களை எழுதிக் கொடுப்பதும் உண்டு. மருந்து கொடுப்பதைப் போலவே இதுவும் அவற்றின் முக்கியமான வேலை.

மனக் காயம்

உடல் நோயைப் பற்றி எம்மவர் தயங்கியேனும் பேசுவார்கள். மனதைப் பற்றிப் பேசுவது அதைவிடக் கடினம். 2009 இன் கடைசி மாதங்களைக் கடந்து வந்தவர்கள், தடுப்பு முகாமில் விசாரிக்கப்பட்டவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டே வாழ்பவர்கள் எம் குடும்பங்களில் உள்ளார்கள். நித்திரை வராது. கதவைத் தட்டும் சத்தத்துக்குத் திடுக்கிடுவார்கள். பிள்ளைகள் மீது காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள். வீட்டில் இதைக் "குணம்" என்று சொல்லிக் கடந்துவிடுவோம்.

இதற்கென்றே இரு மாநிலங்களிலும் அமைப்புகள் உள்ளன. விக்ரோறியாவில் 1987 இல் தொடங்கிய ஃபவுண்டேஷன் ஹவுஸ், நியூ சவுத் வேல்ஸில் 1988 இல் தொடங்கிய ஸ்டார்ட்ஸ். முதலாவதன் தலைமையகம் பிரன்ஸ்விக்கிலும், இரண்டாவதன் தலைமையகம் கரமாரிலும் உள்ளது. இரண்டும் இலாப நோக்கற்றவை, அரசு நிதியில் பெரும்பகுதி இயங்குபவை. நாட்டின் எட்டு மாநில, பிரதேசங்களிலும் இவ்வாறு ஒவ்வோர் அமைப்பு உண்டு. இங்கே சிகிச்சை என்பது நடந்ததையெல்லாம் முதல் நாளே சொல்லச் சொல்லி வற்புறுத்துவதல்ல. நித்திரை, உடல் வலி, வீட்டு நிலைமை, விசாக் கவலை என்று தொடங்கி, நம்பிக்கை வளர்ந்த பின்னரே பழைய காயத்துக்கு வருவார்கள். பிள்ளைகளுக்கும் குடும்பமாக வருபவர்களுக்கும் தனியான முறைகள் உண்டு. கட்டணம் இல்லை.

2014 இலும் 2024 இலும் விக்ரோறியாவில் விசா நிச்சயமின்மைக்குள் வாழ்ந்த எம் இளைஞர்களை நாம் இழந்தோம். அந்த அஞ்சலிக் கூட்டங்களில் நின்றவர்களுக்கு மேலும் விளக்கம் தேவையில்லை. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும்: ஆலோசகர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் விசாவை வழங்க அவரால் முடியாது. காயம் இன்னும் ஏற்பட்டுக்கொண்டே இருக்கும்போது, மருந்து அதன் பாதியைத்தான் ஆற்றும். இந்த அமைப்புகளில் பணிபுரிவோரும் இதைப் பல ஆண்டுகளாக அரசிடம் சொல்லி வருகிறார்கள். ஆனால் அந்தப் பாதி ஆறுதலும் ஒருவரைக் காப்பாற்றக்கூடியது. உங்கள் நண்பர் எவராவது வாழ்வை வெறுத்துப் பேசினால், தனியே விடாமல் கூட இருந்து 13 11 14 என்ற லைஃப்லைன் இலக்கத்துக்கு அழையுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 000.

தமிழில் சொல்லும் உரிமை

"நெஞ்சுக்குள்ள ஏதோ செய்யுது" என்று எம் அம்மாமார் சொல்வார்கள். அது மாரடைப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம், வாயுக் கோளாறாகவும் இருக்கலாம், மகனின் விசா நிராகரிக்கப்பட்ட கவலையாகவும் இருக்கலாம். பத்து வயதுப் பேரப்பிள்ளை இதை ஆங்கிலத்தில் "செஸ்ட் பெயின்" என்று சொன்னால் ஒரு பாதையில் போகும், "ஷி இஸ் சாட்" என்று சொன்னால் வேறொரு பாதையில் போகும். மேலும், கர்ப்பப்பை நோயைப் பற்றியோ தடுப்புக் காவலில் நடந்ததைப் பற்றியோ பிள்ளையின் முன்னால் எந்தத் தாயும் பேசமாட்டார்.

தொலைபேசி மூலமான உரைபெயர்ப்பு 1973 இலேயே சிட்னியிலும் மெல்பேர்னிலும் தொடங்கிவிட்டது. இன்று 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம். மெடிகெயார் அட்டை உள்ள நோயாளிக்குத் தனியார் குடும்ப வைத்தியரும் இந்தச் சேவையை இலவசமாகப் பயன்படுத்த முடியும். பொது மருத்துவமனைகள் தாமே உரைபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும். நேரம் குறிக்கும்போதே "தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். எம் சமூகம் சிறியது, உரைபெயர்ப்பாளர் தெரிந்தவராக இருந்துவிடுவாரோ என்ற தயக்கம் பலருக்கு உண்டு. தொலைபேசியில் பெயர் சொல்லாமல் பேசலாம், வேறு மாநிலத்தவரைக் கேட்கலாம், ஆணா பெண்ணா என்றும் கேட்கலாம். உரைபெயர்ப்பாளரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்.

பணம் எங்கிருந்து வருகிறது, ஏன் போதவில்லை?

இந்த அமைப்புகள் மூன்று கால்களில் நிற்கின்றன: அரசு தரும் நிதி, பொதுமக்களின் நன்கொடை, தொண்டர்களின் நேரம். ஒன்று தளர்ந்தாலும் ஆட்டம் காணும்.

சமூக நல நிலையங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மெடிகெயார் வைத்தியருக்குக் கொடுக்கும் தொகை, நேரம் கூடக்கூட அதே அளவில் கூடுவதில்லை. 2025 ஆம் ஆண்டின் அட்டவணைப்படி, ஊக்கத்தொகைகளைச் சேர்க்காமல், சாதாரணச் சந்திப்புக்குச் சுமார் 43 டொலர். ஒரு வைத்தியர் நாற்பது நிமிடத்தில் நான்கு பேரைப் பார்த்தால் 170 டொலருக்கு மேல் வரும். அதே நாற்பது நிமிடத்தை ஒரே நோயாளிக்குக் கொடுத்தால் சுமார் 125 டொலர்தான். நீரிழிவு, மூட்டுவலி, நித்திரையின்மை, உரைபெயர்ப்பு, விசாவுக்கான கடிதம் எல்லாவற்றோடும் வரும் ஓர் அகதி நோயாளிக்கு நாற்பது நிமிடம் கட்டாயம் தேவை. ஆகவே, யாருக்கு அதிகம் தேவையோ அவரைப் பார்ப்பதில்தான் நிலையத்துக்கு நட்டம் வருகிறது. தனியார் கிளினிக்குகள் பல இப்படிப்பட்ட நோயாளரைத் தவிர்ப்பதற்கு வைத்தியரின் மனம் மட்டும் காரணமல்ல, இந்தக் கணக்கும் காரணம்.

இதன் விளைவை 2025 ஒக்டோபரில் மெல்பேர்ன் கண்டது. மூன்று பழைய சமூக நல அமைப்புகள் 2014 இல் ஒன்றிணைந்து உருவான கோஹெல்த், கொலிங்வூட், ஃபிட்ஸ்ரோய், கென்சிங்டன் ஆகிய மூன்று இடங்களிலும் குடும்ப வைத்தியச் சேவையை நிறுத்தப் போவதாக அறிவித்தது. அடுக்குமாடிப் பொதுக் குடியிருப்புகளில் வாழும் அகதிக் குடும்பங்கள் பல ஆண்டுகளாகப் போய்வந்த இடங்கள் அவை. மக்கள் எதிர்த்தார்கள், வைத்தியர்கள் பேசினார்கள். அதன் பின்னர் கூட்டாட்சி அரசு சிறிது காலத்துக்கு நிதி கொடுத்து, மூடுவதைப் பிற்போட்டது. நல்ல நோக்கம் மட்டும் ஒரு மருத்துவ நிலையத்தைத் திறந்து வைத்திருக்காது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நாம் செய்யக்கூடியவை

அட்டையின் முடிவுத் திகதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். விசா புதுப்பிப்பதற்கு இரண்டு மாதம் முன்னரே உங்கள் சட்டத்தரணியிடமோ இலவச சட்ட உதவி நிலையத்திலோ பேசுங்கள். அட்டை செல்லுபடியாகும் காலத்திலேயே இரத்தப் பரிசோதனைகளையும் மருந்துச் சீட்டுகளையும் முடித்துக்கொள்ளுங்கள். அட்டை நின்றுவிட்டால் மருந்தை நிறுத்த வேண்டாம், மேலே சொன்ன நிலையங்களில் ஒன்றை அழையுங்கள். வைத்தியரிடம் சொல்வது சட்டப்படி காக்கப்படும் இரகசியம். இந்த நிலையங்கள் விசாத் திணைக்களத்தின் கிளைகள் அல்ல. உங்கள் விபரம் எவரோடு, எதற்காகப் பகிரப்படும் என்று முதல் சந்திப்பிலேயே நேரடியாகக் கேட்கலாம்.

அட்டை உள்ள குடும்பங்களுக்கும் வேலை உண்டு. 2021 குடிசன மதிப்பீட்டின்படி அவுஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95 ஆயிரத்துக்கும் மேல். எமக்குள் வைத்தியர்கள், தாதியர், மருந்தாளர், பல் வைத்தியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வடக்கு கிழக்கு வைத்தியசாலைகளுக்கு உபகரணமும் பணமும் அனுப்பும் நல்ல பழக்கம் எமக்கு உண்டு. அதோடு மாதம் ஒரு அரைநாள் இங்குள்ள ஒரு நிலையத்தில் தமிழ் பேசும் வைத்தியர் அமர்ந்தால், எத்தனை அம்மாமாரின் "ஏதோ செய்யுது" சரியாகப் புரிந்துகொள்ளப்படும்! வைத்தியம் படிக்காதவர்கள் நோயாளரைக் காரில் கூட்டிச் செல்லலாம். கணக்குத் தெரிந்தவர்கள் நிர்வாகக் குழுவுக்குப் போட்டியிடலாம். சமூக நல அமைப்புகள் பல, தாம் சேவை செய்யும் சமூகத்தவரையே குழுவில் தேடுகின்றன.

நன்கொடை கொடுக்கும்போதும் தொண்டு செய்யும்போதும் ஒன்றை நினைவில் வைத்திருப்போம். அட்டை இல்லாதவரைப் பார்க்கும் இந்த நிலையங்கள் ஒரு விதி உண்டாக்கிய ஓட்டையை அடைத்து நிற்பவை. அந்த விதியை மாற்றக்கூடியவர்கள் கன்பெராவில் உள்ளார்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு வாக்களிப்பவர் நீங்கள். பக்கத்து இருக்கையில் அமர்ந்து சாப்பிடுபவருக்கு வாக்கு இல்லை. அவருக்காக ஒரு கடிதம் எழுத, ஒரு சந்திப்பு கேட்க உங்களால் முடியும். அடுத்த முறை அவரைக் காணும்போது, "மருந்து இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.